சக்கிமுக்கிக் கல்லைத் தேடி: அலிபேட்ஸ்ல இருந்து ஃபோல்சம் வரைக்கும்

புதன் ராத்திரி, அமரில்லோ

டாலஸ்ல இருந்து காலைல கிளம்பி 287 ஹைவேயப் பிடிச்சா நேரா அமரில்லோ, ரெண்டுமே அமெரிக்காவோட டெக்சாஸ் மாநிலம்தான். வழியப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பருத்திக் காடு, காற்றாலை, மறுபடியும் பருத்திக் காடு, தம்பிதான் முழுக்க ஓட்டினான். ரூமுக்கு வந்து குளிச்சிட்டு இத டைப் பண்றேன். தினமும் ராத்திரி அன்னன்னிக்குப் பாத்தத அன்னன்னிக்கே போட்டுடுறேன், சேத்து வெச்சு எழுதினா பாதி மறந்துடும்.

இந்த ட்ரிப்பு முழுக்க கல்லுக்காகத்தான். சரியா சொன்னா கல்லுல செஞ்ச முனைங்க, அம்புமுனை, ஈட்டிமுனை. அத செஞ்சவங்க கல்ல எங்க எடுத்தாங்க, எப்படித் தட்டினாங்க, எவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போனாங்க, இந்த மூணையும் ஒரே ரவுண்டுல பாத்துடலாம்னு மேப்ப வெச்சு உக்காந்தப்பதான் புரிஞ்சுது. அலிபேட்ஸ்னு ஒரு இடம், இங்கிருந்து வடக்கால ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அங்க கெடைக்கிற கல்ல 13,000 வருஷமா மனுஷங்க தேடி வந்து எடுத்திருக்காங்க. அந்தக் கல்லுல செஞ்ச முனைங்க தென்மேற்கால 200 கிலோமீட்டர் தள்ளி பிளாக்வாட்டர் டிராங்கிற இடத்துல கெடைச்சிருக்கு, வடமேற்கால 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி ஃபோல்சம்ங்கிற சின்ன ஊருல காட்டெருமை எலும்புங்களோட கெடைச்சிருக்கு, ரெண்டுமே பக்கத்து நியூ மெக்சிகோ மாநிலம். அதனால ரூட் தானா அமைஞ்சிடுச்சு, முதல்ல கல் இருக்கிற இடம், அப்புறம் கல் போய்ச் சேந்த இடம், நடுவுல ஒரு நாள் இன்னிக்கும் கல் தட்டுற ஒருத்தர் வீட்டுல.

மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி வரிசையா அடுக்கி வெச்சிருக்கிற முனைங்கள நெறைய பேரு ரெண்டு செகண்டு பாத்துட்டு அடுத்த ஹாலுக்கு நகந்துடுறாங்க. எனக்கு அது மனசுக்கு ஆகவே ஆகாது. ஒரே ஒரு முனைல சில்லு பேந்த தழும்பு எத்தன இருக்குனு எண்ணிப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒருத்தர் நின்னு யோசிச்சு எடுத்த முடிவு, இங்க தட்டலாமா வேணாமா, எவ்ளோ பலமா, எந்தக் கோணத்துல. அவங்க மரத்துல செஞ்சது மக்கிப் போச்சு, தோல் போச்சு, பேசின பேச்சு போச்சு, இந்த முடிவுங்க மட்டும் எடுத்த வரிசைலயே கல்லுல நிக்குது. அத வாசிக்கக் கத்துக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கேன்.

வியாழன், அலிபேட்ஸ்

ஃப்ரிட்ச்னு ஒரு சின்ன ஊரு, பக்கத்துலயே மெரிடித் ஏரி. அலிபேட்ஸ் விசிட்டர் சென்டர் அங்கிருந்து கிட்டக்க. இது 1965ல நேஷனல் மானுமென்ட், அதாவது அரசாங்கம் பாதுகாக்கிற இடம் ஆச்சு, மொத்தம் 1,371 ஏக்கர், ஆனா குவாரி இருக்கிற மேட்டுக்கு நம்ம இஷ்டத்துக்கு ஏற முடியாது, ரேஞ்சர் கூட்டிட்டுப் போற டூர்ல மட்டும்தான் போகலாம், முன்கூட்டியே புக் பண்ணிட்டுத்தான் வரணும். நாங்க காலை டூர் எடுத்தோம், ஜூன் மாச வெயிலுக்கு மத்தியானம் அந்த மேடு சரிப்படாது.

ஏறுறது ரொம்ப தூரமில்ல, ஒரு மைலுக்குள்ள, ஆனா செங்குத்தா படி கட்டிருக்காங்க, நெழல் கெடையாது, முள்ளும் யுக்காவும் குட்டை குட்டையா ஜூனிப்பர் மரமும். கீழ கனேடியன் ஆத்துப் பள்ளத்தாக்கு, செவப்பு மண்ணு. ரேஞ்சர் முதல்லயே சொல்லிட்டாங்க, விரியன் பாம்பு உண்டு, பாதைய விட்டு எறங்காதீங்க, கல்லத் தொட்டுப் பாக்கலாம், எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சிடணும், ஒரு சில்லு கூட பாக்கெட்டுக்குள்ள போகக் கூடாது.

மேல போனதும் நான் பேச்ச நிறுத்திட்டேன். கால் வைக்கிற இடமெல்லாம் சக்கிமுக்கிக் கல்லு. நம்ம படத்துல பாக்கிற சாம்பல் நெறம் இல்ல, கருஞ்செவப்பு, ஊதா, நீலம் கலந்த வெள்ளை, பழுப்பு, ஒரே கல்லுக்குள்ள கோடு கோடா மேகம் மேகமா எல்லாமே ஓடுது. ரேஞ்சர் பாட்டில்ல இருந்து ஒரு துண்டு மேல தண்ணி ஊத்தினாங்க, அதுவரைக்கும் மங்கலா இருந்த செவப்புக்குள்ள இருந்து வெள்ளைக் கோடு ஒவ்வொண்ணா மேல வந்துச்சு. தம்பி கைல வாங்கி வெயில்ல திருப்பிப் பாத்துட்டு, "அக்கா, ஓரத்துல வெளிச்சம் உள்ள எறங்குது பாரு"ன்னான். மெல்லிசா ஒடஞ்ச ஓரத்துல நெஜமாவே வெளிச்சம் ஊடுருவுது.

இந்தக் கல் அடிப்படைல டோலமைட், அதாவது சுண்ணாம்புக் கல் வகைல ஒரு பாறை, பெர்மியன் காலத்தோடது, 25 கோடி வருஷத்துக்கும் முந்தினது. அதுக்குள்ள சிலிக்கா, அதான் மணல்ல இருக்கிற அதே சரக்கு, கரைஞ்ச தண்ணி ஊறி ஊறி, டோலமைட் போய் அந்த இடத்துல சிலிக்கா உக்காந்துடுச்சு. அதனால வெளில பாறை அடுக்கு சாதாரணமா இருக்கும், நடுவுல இந்த நெறமெல்லாம் இருக்கும். எஃகுக் கத்திய வெச்சுக் கீறினாலும் கோடு விழாது, அவ்ளோ கடினம்.

குவாரினு சொன்னதும் நம்ம ஊரு கல்குவாரி அளவுக்கு நெனைச்சிட்டு வந்தா ஏமாந்துடுவீங்க. இப்ப கண்ணுக்குத் தெரியறது புல்லு மொளைச்ச லேசான பள்ளம், அவ்ளோதான். ரேஞ்சர் கை காட்டினப்புறம்தான் ஒண்ணு தெரிஞ்சுது, அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு, மேடு முழுக்க இப்படி 700க்கும் மேல குழி இருக்கு. ஒரு காலத்துல ஆள் நிக்கிற ஆழத்துக்குத் தோண்டினது, காத்துல அடிச்சிட்டு வந்த மண்ணு வந்து வந்து மூடியிருக்கு. தோண்டினது மரக்குச்சி, எலும்பு, கையில பிடிக்கிற சுத்தியல் கல்லு, இத வெச்சுத்தான்.

மேலயே இவ்ளோ கல் கெடக்குறப்ப ஏன் தோண்டணும்னு கூட வந்த ஒரு பையன் கேட்டான். நானும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். மேல கெடக்கிற கல்லு எத்தனையோ பனிக்காலம் வெயில்காலம் பாத்தது, தண்ணி உள்ள போய் ஒறைஞ்சு விரிஞ்சு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் நெறைய விட்டிருக்கும். தட்டினா நாம நெனைக்கிற இடத்துல ஒடையாது, விரிசல் இருக்கிற இடத்துல ஒடையும். மண்ணுக்குள்ள இருக்கிற கல்லுக்கு அந்தக் கெடுதல் இல்ல. அந்த வித்தியாசத்துக்காக வெறும் குச்சியையும் எலும்பையும் வெச்சு அந்த வெயில்ல பாறைய நெம்பியிருக்காங்க. நல்ல சரக்கு எதுனு தெரிஞ்சவங்க படுற பாடு அது.

அங்க முழுசா ஒரு முனையும் கண்ணுல படல, அது அங்க இருக்கவும் வேண்டியதில்ல. முனை செஞ்சு முடிக்கிறது வீட்டுல, முகாம்ல. குவாரில செய்றது கல்லச் சோதிக்கிறது, கல்லோட மேல்தோல உரிக்கிறது, தேவையில்லாத எடையக் கழிக்கிறது, ஏன்னா அத முதுகுல தூக்கிட்டு நடக்கணும், அமெரிக்காவுல அப்ப பொதி சுமக்கிற குதிரை கெடையாது. அதனால தரை முழுக்க கழிவுச் சில்லுதான். நடுவுல அங்கங்க உருண்டையா குவார்ட்ஸைட்ங்கிற கெட்டிக் கல்லு ஒண்ணு ரெண்டு, ஆத்துச் சரளைல இருந்து எடுத்துட்டு வந்த சுத்தியல். ஒண்ணோட ஒரு கோடில மட்டும் பொடிப் பொடியா வெள்ளைக் குத்து, அடிச்சு அடிச்சுத் தேஞ்ச இடம். அதப் பிடிச்சிருந்த உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு அந்தக் குத்த வெச்சே சொல்லிடலாம்.

குழில பெரும்பகுதி ஆன்டிலோப் கிரீக் மக்கள் தோண்டினது. சுமாரா கிபி 1150ல இருந்து 1450 வரைக்கும் இந்த ஆத்தங்கரைல கல் பலகைய நிறுத்தி வீடு கட்டி, சோளம், பீன்ஸ், பூசணி போட்டு, காட்டெருமையும் வேட்டையாடி வாழ்ந்தவங்க. இந்தக் கல்ல வெளியூருக்கு அனுப்பிட்டு பசிபிக் கடல் சிப்பி, அப்சிடியன்ங்கிற எரிமலைக் கண்ணாடி, மேற்கால இருந்த பியூப்ளோ மக்களோட மட்பாண்டம்னு வாங்கியிருக்காங்க. இவங்க செஞ்சதுதான் நெஜமான அம்புமுனை, கட்டைவிரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, முக்கோணம், ரெண்டு பக்கமும் கட்டுறதுக்கு ஒரு சின்ன வெட்டு. நாளன்னிக்குப் பாக்கப் போற பெரிய முனைங்க எல்லாம் ஈட்டிக்கு. வில்லு இந்தப் பக்கமெல்லாம் பரவலா வந்து 1,500 வருஷம்தான் ஆகுது.

அலிபேட்ஸ்ங்கிற பேரு அந்தப் பக்கம் இருந்த ஆலி பேட்ஸ்ங்கிற கௌபாய் பேருல இருந்து ஓடைக்கு வந்து, ஓடைல இருந்து கல்லுக்கு வந்தது. 13,000 வருஷமா வந்து போனவங்க அந்த இடத்துக்கு என்னென்ன பேரு வெச்சிருந்தாங்களோ.

வெள்ளி, அமரில்லோ

இன்னிக்கு முழுக்க ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துல. தம்பியோட ஆபீஸ்ல ஒருத்தரோட மாமனாரு, எழுபதத் தாண்டினவரு, லேத் பட்டறைல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, கல் தட்டுறத பல வருஷமா செய்றாரு. மரத்தடில தார்ப்பாய் விரிச்சு வெச்சிருந்தாரு, ஒரு சில்லு கூட புல்லுல விழக் கூடாதுனு, வெறுங்கால்ல மிதிச்சா பிளேடு. எங்களுக்கும் கண்ணாடியும் தடிச்ச லெதர் துணியும் குடுத்துட்டுத்தான் உக்கார விட்டாரு. காத்து எங்களுக்கு முதுகுப் பக்கத்துல இருந்து அடிக்கிற மாதிரி நாற்காலியத் திருப்பினாரு. சிலிக்காத் தூசி நுரையீரலுக்குப் போனா வெளில வராது. இங்கிலாந்துல பிராண்டன்ங்கிற ஊருல துப்பாக்கிக்கு சக்கிமுக்கிக் கல் தட்டின தொழிலாளிங்க அந்தத் தூசியாலேயே சீக்கிரம் செத்திருக்காங்க. ரூமுக்குள்ள உக்காந்து தட்டவே தட்டாதீங்கன்னு அவரு எத்தனையோ தடவ சொன்னாரு, நானும் இங்க சொல்லிடுறேன்.

அவர் கைல எடுத்தது ஜார்ஜ்டவுன் கல்லு, நடு டெக்சாஸ்ல சுண்ணாம்புப் பாறைக்குள்ள கெடைக்கிறது, தெரிஞ்சவரோட சொந்த நிலத்துல இருந்து வாங்கினது, அடர்ந்த சாம்பல். முதல்ல விரல் நகத்தால தட்டி காதுகிட்ட வெச்சாரு. நல்ல கல்லு கணீர்னு கேக்கும், விரிசல் இருந்தா பொத்துனு ஒலிக்கும். அந்த ஒண்ண வெச்சே ரெண்டு கல்ல ஒதுக்கிட்டாரு.

சின்ன வயசுல தெருவுல அம்மி கொத்துறவரு உக்காந்து உளியால டொக்கு டொக்குனு குத்துறத வேடிக்கை பாத்திருக்கேன், அந்தக் கருங்கல்லு குத்தின இடத்துல பொடியாதான் உதிரும். இந்தக் கல்லு அப்படி இல்லவே இல்ல. இதுக்குள்ள மணி கெடையாது, அடுக்கு கெடையாது, எந்தத் திசைலயும் ஒரே சீரா இருக்கும். அதனால அடி விழுந்த புள்ளில இருந்து விசை உள்ள ஒரு கூம்பா விரிஞ்சு போகும். ஜன்னல் கண்ணாடில ஒரு குண்டு பட்டா இந்தப் பக்கம் சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் பெரிய பள்ளமா வருதே, அதே கணக்குதான். கல்லோட ஓரத்துல, சரியான கோணத்துல அடிச்சா அந்தக் கூம்போட ஒரு பகுதி மட்டும் கல்லுக்குள்ள ஓடி, மெல்லிசா அகலமா ஒரு சில்லு கழண்டு வரும். அடி பட்ட இடத்துகிட்ட ஒரு சின்ன வீக்கம், அதுல இருந்து அலை அலையா வளையம். எந்த முனைய எடுத்தாலும் அந்த வளையத்தப் பாத்தா அடி எந்தப் பக்கத்துல இருந்து வந்துதுனு தெரியும், எந்தத் தழும்பு எந்தத் தழும்ப வெட்டிட்டுப் போகுதுனு பாத்தா எது முன்னாடி எது பின்னாடினு தெரியும். நான் வாசிக்கணும்னு புதன்கிழமை எழுதினேனே, அதோட எழுத்து இதுதான்.

முதல்ல கூழாங்கல்லால பெரிய பெரிய சில்லா எடுத்தாரு. அப்புறம் கல்ல மாத்திட்டு மூஸ் மான் கொம்புல செஞ்ச தடிய எடுத்தாரு. கல்லு மெத்துனு இருக்கிற கொம்பு மேல கொஞ்சம் கடிச்சுப் பிடிக்கும், அதனால சில்லு இன்னும் மெல்லிசா, இன்னும் நீளமா வரும். ஆனா நான் எதிர்பாக்காதது என்னன்னா, அவரு தட்டின நேரம் ரொம்ப கொஞ்சம். பாதி நேரத்துக்கு மேல ஒரு மணற்கல்லால ஓரத்தத் தேச்சுட்டே இருந்தாரு. கூரான ஓரத்துல அப்படியே அடிச்சா ஓரம் நொறுங்கிடும், விசை உள்ள போகாது. ஓரத்த மழுக்கி, அடி விழப்போற ஒரு சின்னத் திட்ட மட்டும் தனியா எடுத்து நிறுத்தி, அது கல்லோட நடுக்கோட்டுக்கு கொஞ்சம் கீழ இருக்கானு கண்ணுகிட்ட வெச்சுப் பாத்து, அதுக்கப்புறம் ஒரே ஒரு அடி. டிங்னு சத்தம். சில்லு அடில, அவரோட விரலுக்குள்ள விழுந்துச்சு, மேல அடிச்சா கீழ கழண்டு வரும், கழண்டு வர்ற பக்கத்த நாம பாக்கவே முடியாது, விரல் நுனில தான் தெரியும். அந்தச் சில்ல எடுத்து திரும்ப அதே தழும்புல பொருத்திக் காட்டினாரு. மயிரிழை கூட இடைவெளி இல்லாம போய் உக்காந்துச்சு.

சில்லு நடுக்கோட்டத் தாண்டி ஓடணும், அப்பதான் கல்லு மெலியும். தாண்டாம நடுவுலயே படிக்கட்டா ஒடஞ்சு நின்னுட்டா அங்க ஒரு திட்டு நிக்கும், அடுத்து வர்ற சில்லும் அதுல இடிச்சு நின்னுடும். அத மறுபக்கத்துல இருந்து வந்து வாங்கணும்னு சொல்லி அடுத்தடுத்து நாலஞ்சு அடிய முன்கூட்டியே விரலால தொட்டுத் தொட்டுச் சொன்னாரு, முதல்ல இது, அப்ப இங்க மேடு வரும், அத வெச்சு இது, அப்புறம்தான் அந்தத் திட்டு. சொன்ன வரிசைல அப்படியே நடந்துச்சு. கைத்தொழில்னு சொல்றோம், தலையும் அதே அளவுக்கு வேலை செய்யுது, ஒவ்வொரு அடியும் அடுத்ததுக்கு வழி பண்ணிட்டுத்தான் விழுது.

கடைசிக் கட்டம் அழுத்தம். உள்ளங்கைல லெதர், அதுமேல முனை, மான் கொம்போட நுனிய ஓரத்துல வெச்சு முதல்ல உள்பக்கமா முழு பலத்தோட அழுத்தணும், அப்புறம் சட்டுனு கீழ. என்னையும் செய்ய வெச்சாரு. கை நடுங்குற அளவுக்கு அழுத்தினப்புறம் ஒரு சின்ன டிக், லெதர்ல பாத்தா நெல்லு அளவுல ஒரு சில்லு, அதுலயும் வீக்கம் இருக்கு, அலை இருக்கு. நீளமான கட்டைல நுனி பொருத்தி கக்கத்துல இடுக்கிட்டு அழுத்துற கருவியும் வெச்சிருக்காரு, அதுக்கு இஷி ஸ்டிக்னு பேரு. இஷி கலிஃபோர்னியாவோட யாஹி இனத்துல கடைசியா மிஞ்சின மனுஷன், 1911ல ஓரோவில் ஊருக்கு வெளில தனியா வந்து நின்னவரு, 1916ல சாகுற வரைக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ மியூசியத்துல இருந்தாரு. அங்க ஜனங்க முன்னாடி அப்சிடியன்லயும் பாட்டில் கண்ணாடிலயும் அவரு செஞ்ச முனைங்கள இன்னிக்கும் எட்ட முடியாதுனு இவரு சொன்னாரு. சொல்றப்ப குரல் எறங்கிடுச்சு. தன் ஜனத்த எல்லாம் கொன்னு தீத்த ஊருல உக்காந்து அத செஞ்சு காட்டியிருக்காரு அந்த மனுஷன்.

நான் பல்லாவரத்துக்காரி. 1863 மே 30ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற ஜியாலஜிஸ்ட் எங்க ஊரு பரேடு கிரவுண்டு பக்கத்துல சரளைக் குழிலதான் அந்தக் கைக்கோடரிய எடுத்தாரு, இந்தியாவோட பழங்கற்காலம்னு ஒண்ணு இருக்குனு உலகத்துக்குத் தெரிஞ்சது அதுலதான். அது குவார்ட்ஸைட், இதவிட முரட்டுக் கல்லு, செஞ்சது நம்ம இனத்துக்கே முந்தின மனுஷங்க, ஆனா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டி நடுவ மெலிய வைக்கிற வேலை அதே வேலைதான். எழும்பூர் மியூசியத்துல ஃபூட் சேத்ததப் பாத்தவங்க, இனிமே போனா தழும்போட வரிசையப் பாருங்க.

கிளம்புறப்ப ரெண்டு விஷயம் கவனிச்சேன். அவரு செஞ்ச ஒவ்வொரு முனையோட அடிலயும் வைர நுனிப் பேனாவால பேரோட முதலெழுத்தும் வருஷமும் பொடியா கீறியிருந்துச்சு, நாளைக்கு யாரும் பழசுனு சொல்லி வித்துடக் கூடாதுனு. அதே காரணத்துக்கு, கழிவுச் சில்ல குழி வெட்டிப் புதைக்கிறப்ப கூடவே இந்த வருஷத்துக் காசு ஒண்ணு போடுறாரு. பிற்காலத்துல யாராவது தோண்டினா குழம்பக் கூடாதாம்.

சனி, பிளாக்வாட்டர் டிரா

ஹியர்ஃபோர்டு வழியா நியூ மெக்சிகோ, மாட்டுப் பட்டி வாசனை ஜன்னல மூடினாலும் விடல. பார்டர் தாண்டினதும் ஒரு மணி நேரம் லாபம். கிளோவிஸுக்கும் போர்ட்டாலஸுக்கும் நடுவுல இருக்கு இந்த இடம், ஈஸ்டர்ன் நியூ மெக்சிகோ யூனிவர்சிட்டி பாத்துக்குது.

இப்ப காஞ்சு கெடக்கு, அப்ப ஊத்துத் தண்ணியோட குளம். தண்ணி குடிக்க மம்மூத், அதான் அழிஞ்சு போன அந்தக் காலத்து யானை, வந்துச்சு, காட்டெருமை வந்துச்சு, அதுங்களத் தேடி மனுஷங்க வந்தாங்க. 1929ல ரிட்ஜ்லி வைட்மேன்னு 19 வயசுப் பையன் இங்க முனையும் பெரிய எலும்பும் பாத்துட்டு வாஷிங்டன்ல இருக்கிற ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு எழுதினான். 1932ல ரோடு போட சரளை தோண்டினப்ப எலும்பு வெளில வந்து, எட்கர் ஹோவர்டுங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் வந்து முறையா தோண்ட ஆரம்பிச்சாரு. மம்மூத் எலும்போடயே ஈட்டிமுனைங்க கெடைச்சுது. பக்கத்து ஊரு பேருலேயே அதுக்கு கிளோவிஸ் முனைனு பேரு, 13,000 வருஷப் பழசு.

சரளைக் குழிக்குள்ளயே பாதை போகுது, எறங்கிப் போகப் போக காலம் பின்னாடி போகுது. ஒரு இடத்துல கட்டடத்துக்குள்ள எலும்பு அடுக்க தோண்டின நெலைலயே விட்டு வெச்சிருக்காங்க. முக்கியமான விஷயம் அடுக்குதான்: கீழ சாம்பல் மணல், அதுல மம்மூத்தும் கிளோவிஸ் முனையும். அதுக்கு மேல டயட்டம்ங்கிற நுண்பாசியோட ஓடு படிஞ்ச வெளுத்த மண்ணு, அதுல காட்டெருமையும் ஃபோல்சம் முனையும். எது மூத்ததுங்கிற கேள்விக்கு மண்ணே பதில் சொல்லிடுது. ஆனா சரளை எடுக்கிறது அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் நிக்கல, மெஷினுக்கு முன்னாடி ஓடி ஓடி தோண்டிக் காப்பாத்தினது போக எவ்ளோ போச்சோ. இத நெனைச்சா வயிறு எரியுது.

மியூசியத்துல கிளோவிஸ் முனைங்க முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன், நேத்து கத்துக்கிட்டது கைகுடுத்துச்சு. ஒண்ணுல ஒரே சில்லு இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும் குறுக்கால ஓடியிருக்கு, அது சாதாரண துணிச்சல் இல்ல, கொஞ்சம் பிசகினா எதிர் ஓரத்தையே பேத்துட்டுப் போயிடும். அடிப்பக்கம் நடுவுல மேல பாத்து ஒரு வாய்க்கால், ரெண்டு முகத்துலயும். அடில இருந்து அடிச்சு எடுத்த நீளச் சில்லோட தழும்பு அது. தடில பொருத்திக் கட்ட வசதியா இருக்கும்னு ஒரு கருத்து, குத்துறப்ப வர்ற அதிர்ச்சிய அந்த மெல்லிசான அடிப்பாகம் வாங்கிக்கும்னு இன்னொரு கருத்து. அடியோட ரெண்டு ஓரமும் வேணும்னே தேச்சு மழுக்கியிருக்கு, இல்லன்னா கட்டுற தசைநாண முனையே அறுத்துடும்.

ஃபோல்சம் முனைங்க இன்னும் சின்னது, ஆனா அந்த வாய்க்கால் கிட்டத்தட்ட நுனி வரைக்கும் போகுது, மொத்தக் கனமே சில மில்லிமீட்டர்தான். பெரும்பாலான வேலைய முடிச்சப்புறம் எடுக்கிற சில்லு அது, தப்பினா முனை ரெண்டா போச்சு, ஒடஞ்சு தூக்கிப் போட்டது நெறைய கெடைச்சிருக்கு. ஐடஹோவோட டான் கிராப்ட்ரீ, கல் தட்டுறத ஆராய்ச்சியாவே செஞ்சவரு, இந்த ஒரு வாய்க்கால எப்படி எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க பல பத்து வருஷம் செலவழிச்சாரு. மார்பால அழுத்துற கட்டை வரைக்கும் செஞ்சு பாத்தாரு. வேட்டைக்கு இவ்ளோ ஆபத்தான வேலை தேவையே இல்ல, வாய்க்கால் இல்லாத முனையும் நல்லாவே குத்தும். செய்ய முடியும்ங்கிறதுக்காகவே, அழகுக்காகவேதான் செஞ்சிருக்காங்கன்னு நான் நம்புறேன்.

அந்த வரிசைல கருஞ்செவப்புல வெள்ளைக் கோடு ஓடின ஒண்ணு. தம்பிதான் முதல்ல பாத்தான், "அக்கா, நம்ம மேட்டுக் கல்லு!" லேபிளும் அலிபேட்ஸ்னுதான் சொல்லுச்சு.

ரொம்ப காலம் கிளோவிஸ்காரங்கதான் அமெரிக்காவோட முதல் மனுஷங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. இதே மாநிலத்துல வைட் சாண்ட்ஸ்ல கெடைச்ச காலடித் தடங்களுக்கு 21,000ல இருந்து 23,000 வருஷம்னு 2021ல வெளியாச்சு. அதனால இவங்கள முதல் ஆளுன்னு இப்ப யாரும் அடிச்சுச் சொல்றதில்ல. எனக்கு அதனால இந்த முனைங்க மேல ஒரு துளி மதிப்பும் கொறையல.

ஞாயிறு, ஃபோல்சம்

டுகும்காரி, கிளேட்டன் வழியா வடக்கால ஏறினோம், கபூலின் எரிமலை ரொம்ப நேரம் கூடவே வந்துச்சு. ஃபோல்சம் இப்ப ஒரு கைப்பிடி வீடுதான். பழைய கடைக் கட்டடத்துல மியூசியம்.

இந்த ஊரோட கதை ஜார்ஜ் மெக்ஜங்கின்ல ஆரம்பிக்குது. 1851ல டெக்சாஸ்ல அடிமையா பொறந்தவரு, விடுதலைக்கப்புறம் கௌபாய் ஆகி, இங்க கிரோஃபுட் பண்ணைக்கு மேஸ்திரி அளவுக்கு வந்தவரு. குதிரை பழக்கக் கத்துக் குடுத்து பதிலுக்கு எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவரு, வயலின் வாசிப்பாரு, டெலஸ்கோப் வெச்சிருந்தாரு. 1908 ஆகஸ்ட் 27 ராத்திரி பெருவெள்ளம், சாரா ரூக்னு டெலிபோன் ஆபரேட்டர் அம்மா வீடு வீடா போன் பண்ணி எழுப்பிட்டே இருந்து அதுலயே உயிர் விட்டாங்க. வெள்ளத்துக்கப்புறம் வேலி பாக்கப் போன மெக்ஜங்கின், ஓடை புதுசா அறுத்த கரைல ஆழத்துல எலும்பு நீட்டிட்டு இருக்கிறதப் பாத்தாரு. மாட்டெலும்புனு நெனைச்சு எவனும் தாண்டிப் போயிருப்பான். இவரு எறங்கிப் பாத்தாரு, இப்ப இருக்கிற காட்டெருமைய விடப் பெருசு, இவ்ளோ ஆழத்துல இருக்குன்னா ரொம்பப் பழசுனு புரிஞ்சுக்கிட்டாரு. வருஷக்கணக்கா பாக்கிறவங்க கிட்ட எல்லாம் சொன்னாரு. யாரும் வரல. 1922ல அவரு செத்தப்புறம்தான் ராட்டன் ஊருக் கொல்லர் கார்ல் ஷ்வாக்ஹைமும் கூட்டாளிங்களும் அங்க போனாங்க.

1926ல டென்வர் மியூசியம் தோண்ட ஆரம்பிச்சுது. முனை கெடைச்சுது, ஆனா மண்ணுல இருந்து கழண்டுதான் கெடைச்சுது. பனியுகம் முடிஞ்சு ரொம்ப காலத்துக்கப்புறம்தான் மனுஷன் இந்தக் கண்டத்துக்கு வந்தான்னு பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுச் சொல்லிட்டிருந்த காலம் அது. கழண்டு வந்த முனைய வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, மேல இருந்து எலி வளைல விழுந்திருக்கலாம்னு சொல்லிடுவாங்க. அடுத்த தடவ கெடைச்சா தொடாதே, அப்படியே விடுனு உத்தரவு போச்சு. 1927 ஆகஸ்ட்ல ஷ்வாக்ஹைம் விலா எலும்புங்களுக்கு நடுவுல ஒரு முனையப் பாத்தாரு. கையெடுத்துட்டாரு. தந்தி பறந்துச்சு, பார்னம் பிரவுன், ஃபிராங்க் ராபர்ட்ஸ், ஆல்ஃபிரட் கிடர்னு பேரெடுத்த ஆராய்ச்சியாளருங்க ஒவ்வொருத்தரா வந்து அந்தக் குழிக்குள்ள எறங்கி நேர்ல பாத்தாங்க. அந்தக் காட்டெருமை இனம் பனியுகக் கடைசிலயே அழிஞ்சு போனது, அதோட விலாவுக்குள்ள மனுஷன் செஞ்ச கல்லு. வாதம் அங்கயே முடிஞ்சுது. அங்க வேட்டையானது மொத்தம் 32 காட்டெருமை, கெடைச்ச முனைங்கள்ல அலிபேட்ஸ் கல்லு கணிசமா உண்டு. நாங்க வியாழக்கிழமை நின்ன மேட்டுல இருந்து ஆளுங்க நடந்து சுமந்து வந்தது.

கடைல, ஆன்லைன்ல, ஃபிரேம் போட்டு விக்கிற அம்புமுனைய வாங்குறவங்களுக்கு இதச் சொல்லத்தான் இவ்ளோ விவரமா எழுதினேன். தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஷ்வாக்ஹைம் அன்னிக்கு அத எடுத்து சட்டைப் பைல போட்டிருந்தா அழகான ஒரு கல்லு மிஞ்சியிருக்கும், அவ்ளோதான். ஆசையா இருந்தா தட்டுறவங்க கிட்ட புதுசா வாங்குங்க, அடில வருஷம் கீறினது, அவங்க உழைப்புக்கும் காசு போகும்.

மெக்ஜங்கின் கல்லறை ஊருச் சுடுகாட்டுலயே இருக்கு, போய்க் கும்பிட்டுட்டு வந்தோம்.

போறவங்களுக்கு: ஃபோல்சம் மியூசியம் கோடைலதான் ஒழுங்கா தொறந்திருக்கும், போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. தோண்டின ஓடைக்கு நாமளா போக முடியாது, கூட்டிட்டுப் போற நாள் இருக்கானு மியூசியத்துலயே கேளுங்க. ஊருல பெட்ரோல் கெடையாது, கிளேட்டன்லயோ ராட்டன்லயோ போட்டுக்கோங்க. நாங்க நாளைக்கு திரும்பி டாலஸ். தம்பிக்கு லீவு முடிஞ்சுது, இல்லன்னா டென்வர் வரைக்கும் போயிருப்போம், அந்த முனைய விலா எலும்போட மண்ணோட சேத்து ஒரே கட்டியா வெட்டி அங்கதான் கொண்டு போனாங்க. அக்டோபர்ல போலாம்னு சொல்லியிருக்கான், போனா அதையும் எழுதுறேன்.